கொசுறாய் வந்த காவல்காரன்

விலையைக் கேட்டதும் சங்கரபாண்டியின் முகம் தானாகச் சுளித்தது. அதில் அவருடைய முயற்சி எதுவும் இல்லை. விருதுநகர் பஜாரில் மூன்று தலைமுறையாக வத்தல் மண்டி வைத்திருக்கும் குடும்பத்து முகம் அது. எதிராளி என்ன விலை சொன்னாலும், நியாயமான விலையே சொன்னாலும், உதடு ஒரு பக்கமாக இழுக்கும், புருவம் ஏறும், கண் கழற்றிவிட்ட செருப்பைத் தேடுவதுபோல் வாசல் பக்கம் போகும். வத்தல் நெடியில் தும்மிக்கொண்டு நிற்கும் வெளியூர்க்காரன் இதைப் பார்த்தே பாதி இறங்கிவிடுவான்.

ஆனால் இது குளிரூட்டிய அறை. நெடி இல்லை, தும்மல் இல்லை. எதிரே உட்கார்ந்திருந்தது மருந்துக் கம்பெனியின் டாக்டர் மனோன்மணி. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் படுத்திருந்தது சங்கரபாண்டியின் ஒன்பது வயது மகள் தமயந்தி. அவளுடைய இரண்டு சிறுநீரகங்களும் சுருங்கிக்கொண்டிருந்தன.

“மொகத்த நேரா வைங்க,” என்றாள் மனைவி செண்பகவல்லி, மேஜைக்குக் கீழே அவர் காலை மிதித்தபடி. “இங்க மூட்டையா எறக்கப் போறீக?”

“விலையில குறைக்க முடியாது சார்,” என்றாள் டாக்டர்.

“சரி, கொறைக்க வேண்டாம். மருந்து என்னன்னாவது வெவரமாச் சொல்லுங்க. சரக்கு தெரியாம நான் வாங்குறதில்ல.”

மனோன்மணி அந்தக் கம்பெனியில் சேர்ந்து அதிக நாள் ஆகவில்லை. தான் செய்யும் வேலையைப் பற்றி யாராவது கேட்டால் சந்தோஷப்படும் வயது. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“நம்ம உடம்புல ஒவ்வொரு செல்லுக்கும் ஒரு வாசல் இருக்குன்னு வச்சுக்கங்க. செல் ரெண்டாப் பிரியணும்னா வாசல் திறக்கணும். அங்க சில புரோட்டீன் காவல் நிக்குது. இப்ப பிரியலாம், இப்ப வேண்டாம்னு முடிவு பண்றது அதுதான். சிறுநீரகத்துல நிக்கிற காவல்காரன் ரொம்பக் கண்டிப்பு. கெட்டுப்போன இடத்துல புதுசா வளர விடமாட்டான்.”

“அவனுக்கு ஏதாவது கையில குடுத்துப் பாத்தீகளா?”

டாக்டர் சிரித்துவிட்டாள். “அதுக்குப் பதிலா வேற ஆள் புடிச்சிருக்கோம். ரொம்ப ரொம்பப் பழைய காலத்துல, காளான், ஈஸ்ட் இதுக்கெல்லாம் மூதாதையா ஒரு செல் இருந்தது. அதுக்குள்ள ஒரு வைரஸ் புகுந்தது. வாசலைத் திறக்கத் தெரிஞ்ச தன்னோட ஆளையும் கூட்டிக்கிட்டு வந்தது. கொஞ்ச காலம் பழைய ஆளும் புது ஆளும் ஒரே வாசல்ல சேர்ந்து நின்னாங்க. அப்புறம் பழைய ஆள் மெதுவாக் காணாமப் போயிட்டான். இன்னைக்கு ரொட்டி மாவு பொங்குதுன்னா, அந்த ஈஸ்ட்டோட வாசல்ல நிக்கிறது வந்தவனோட வாரிசுதான்.”

“எடுபிடியா வந்தவன் கல்லாவுல உக்காந்துட்டான்.”

“அதேதான். அந்த ஆளத்தான் மனுஷ உடம்புக்குத் தக்கபடி மாத்தியிருக்கோம். ஒரு குப்பி போட்டா போதும். வாசலைத் திறந்துவிட்டு, சிறுநீரகம் வளர்ந்ததும் சில மாசத்துல தானா அழிஞ்சிடும்.”

சங்கரபாண்டி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். புரியவும் செய்தது. புரிந்த பிறகு அவர் கேட்டது இதுதான்:

“வெலையில கொறைக்கல. சரி. கொசுறா இன்னொரு குப்பி போடுங்க.”

செண்பகவல்லி கண்ணை மூடிக்கொண்டாள்.

பஜாரில் பிறக்காதவர்களுக்கு இது பேராசையாகத் தெரியலாம். காய்கறி வாங்கியவருக்கு ஒரு கொத்துக் கறிவேப்பிலை, எடை முடிந்த பிறகு தராசில் விழும் ஒரு கைப்பிடி. அது விழாவிட்டால் வாங்கினதே வாங்கினதாக ஆகாது. கொசுறு இல்லாமல் வீட்டுக்குப் போகிறவனை வீட்டில் இருக்கிறவர்களே ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்கள். கடைக்காரன் தன்னை மதித்தான் என்பதற்கு அதைவிட அத்தாட்சி வேறு கிடையாது. பெட்டிக்கடையில் கேட்கலாம் என்றால் ஆஸ்பத்திரியில் மட்டும் ஏன் கூடாது?

“இது கறிவேப்பிலை இல்ல சார். ஒண்ணு போதும்.”

“கூட இருந்தா கெட்டா போகும்? சீக்கிரம் வளரும். பச்சப்புள்ளைம்மா.”

 மனோன்மணி எழுந்து வெளியே போய்த் தொலைபேசியில் யாரிடமோ பேசினாள். திரும்பி வந்து, “சரி, தரச் சொல்லிட்டாங்க,” என்றாள்.

இவ்வளவு சீக்கிரம் படிந்ததில் சங்கரபாண்டிக்கு ஒரு சின்ன வருத்தம் இருந்தது. இரண்டாகக் கேட்டிருக்கலாமோ என்று தோன்றியது. வேறு எதுவும் தோன்றவில்லை.

*

தமயந்தி எழுந்து ஓடினாள். பள்ளிக்கூடம் போனாள், மாடிப்படிக் கைப்பிடியில் சறுக்கி விழுந்தாள், விழுந்த காயம் மற்றப் பிள்ளைகளைவிடச் சீக்கிரம் ஆறியது. அதைச் சங்கரபாண்டி பஜார் முழுக்கச் சொன்னார். மகள் பிழைத்ததைவிட மருந்துக் கம்பெனியைத் தான் வளைத்த கதையைத்தான் அதிகம் சொன்னார் என்று செண்பகவல்லி கடைசிவரை சொல்லிக்காட்டினாள்.

எண்ணெய்க் கடை தங்கராசுவின் மகள் பிரபாவதிக்குக் கல்லீரல் கெட்டு அதே மருந்தைச் சொன்னபோது, “கொசுறு கேக்காம வந்துறாத” என்று சங்கரபாண்டியே துணைக்குப் போனார். அதன் பிறகு அவர் பாதிக் கம்பவுண்டர் ஆகிவிட்டார். யார் வீட்டுப் பிள்ளைக்கு என்ன என்றாலும், வாய் சாமர்த்தியம் இல்லாத தகப்பன்மார் அவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஒவ்வொரு முறையும் அங்கே இருந்தவர்கள் முதலில் மறுத்தார்கள், வெளியே போய்ப் பேசினார்கள், திரும்பி வந்து ஒத்துக்கொண்டார்கள். ஒரு தடவைகூட இவர் தோற்கவில்லை. ஜெயித்துக்கொண்டே இருப்பவனுக்கு எதிராளி ஏன் தோற்கிறான் என்று யோசிக்க நேரம் கிடைப்பதில்லை.

பிள்ளைகள் வளர்ந்தார்கள். தமயந்தியைத் தூத்துக்குடியில் கொடுத்தார். மாப்பிள்ளை கிருபாகரன் துறைமுகத்தில் வேலை, அதிர்ந்து பேசாதவன். செண்பகவல்லி அந்தக் கல்யாணத்தைப் பார்த்துவிட்டு, அடுத்த வருஷம் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தாள்.

தமயந்திக்குக் குழந்தை தங்கவில்லை. தங்கவில்லை என்பதுகூடச் சரியில்லை, உண்டாகவே இல்லை. சோதனைக் குழாயில் வைத்துப் பார்த்தார்கள். முதல் நாள் ஒன்று இரண்டாகும், அடுத்த நாள் நான்காகும், மூன்றாம் நாள் எட்டானதும் அப்படியே நின்றுவிடும். ஒவ்வொரு தடவையும் அதே மூன்றாம் நாள். முட்டையில் பலம் இல்லை என்றார்கள் டாக்டர்கள். முட்டை யாருடையது என்பது எல்லோருக்கும் தெரியும்.

தீபாவளிச் சீர் கொண்டுபோன சங்கரபாண்டி கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது, சம்பந்தியம்மாள் வசந்தகுமாரி சோறு பரிமாறிக்கொண்டே தமயந்தியிடம் சொன்னது அவர் காதில் விழுந்தது. குரலை உயர்த்திக்கூடச் சொல்லவில்லை.

“எங்க பக்கம் யாருக்கும் இப்படி ஆனதில்ல. சொத்தையான்னு பாத்து வாங்கணும்னு எனக்குத் தெரியாமப் போச்சு.”

தமயந்தி ரசக் கிண்ணத்தை நகர்த்தி வைத்தாள். பஜாரில் யாருக்கும் பதில் பாக்கி வைக்காத சங்கரபாண்டி, மிக்சர் பொட்டலத்தைப் பிரிக்கத் தெரியாதவர்போல் அதன் நூலைத் தடவிக்கொண்டிருந்தார்.

*

மனோன்மணியை அவருக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. தலை நரைத்திருந்தது. மண்டிக்குள் வந்ததும் அடுக்கடுக்காகத் தும்மினாள். யாரோ ஆந்திரா பார்ட்டி என்று நினைத்து நாற்காலி போடச் சொன்னார்.

“உங்க மகளுக்கு ஊசி போட்டது நான்தான் சார். இப்ப அந்தக் கம்பெனியில இல்ல.”

“அட, உக்காருங்கம்மா. தண்ணி குடிங்க.”

அவள் தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னாள். ஒரு குப்பி போட்ட பிள்ளைகளுக்கு எல்லாம் அவள் சொன்னபடியே நடந்தது. மருந்து வேலையை முடித்துவிட்டு அழிந்துவிட்டது. இரண்டு போட்டவர்களுக்கு அழியவில்லை.

“பழைய காவல்காரன் என்ன ஆனான்?” என்றார். அந்தக் கதை அவருக்கு இன்னும் ஞாபகம் இருந்தது.

“போயிட்டான் சார். காளானுக்கு நடந்ததேதான். அங்க அதுக்கு யுகம் யுகமா ஆச்சு. இங்க நாம ஒரு மத்தியானத்துல முடிச்சிட்டோம்.”

“போனா என்னம்மா? வந்தவன் நல்லாத்தான பாத்துக்கிடுறான்? எம்பொண்ணுக்கு ஒரு சளி காய்ச்சல் கெடையாது.”

“உடம்போட நின்னா ஒண்ணுமில்ல. பெண் குழந்தைக்கு முட்டையெல்லாம் பிறக்கும்போதே உள்ள இருக்கும். ஒரு குப்பி அதுவரைக்கும் எட்டாது. ரெண்டாவது எட்டிருச்சு.” அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். “கரு உண்டானதும் முதல் ரெண்டு மூணு நாள் அம்மாவோட முட்டையில இருக்கிற கையிருப்புலயே ஓடும். மூணாம் நாள்தான் சொந்தமாக் கடை திறக்கும். அப்பா குடுத்த பாதியும் அம்மா குடுத்த பாதியும் சேர்ந்து வாசலைப் பார்த்துக்கணும். அப்பா பக்கம் பழைய காவல்காரன். அம்மா பக்கம் வந்தவன். ஒருத்தன் திறக்கிறதை இன்னொருத்தன் சாத்துறான். அதோட சரி.”

மூன்றாம் நாள் என்ற சொல் சங்கரபாண்டிக்குள் எங்கேயோ போய் உட்கார்ந்தது.

“அப்ப முட்டை சொத்தை இல்லையா?”

“முட்டையில ஒரு குறையும் இல்ல. உங்க ஊர்ல ரெண்டு குப்பி போட்ட பையனாப் பார்த்துக் கட்டியிருந்தா வீடு நிறையப் பிள்ளைங்க இருக்கும். வேற யாரைக் கட்டினாலும் இதுதான்.”

“மாப்ள போட்டுக்கிட்டா?”

“சரியாகும். கம்பெனியும் அதுக்குத்தான் காத்திருக்கு. முழு விலைக்கு. உங்க ஊர்ல பொண்ணு எடுத்த ஒவ்வொருத்தனும் வாங்கணும், அவன் பிள்ளைக்குப் பார்க்கிற பொண்ணும் வாங்கணும். போட்டவங்களுக்குத் திரும்பி வர வழி கிடையாது.”

சங்கரபாண்டி வியாபாரி. அடிபட்ட இடத்திலும் கணக்குச் சரியாக இருப்பதை அவரால் கவனிக்காமல் இருக்க முடியவில்லை. முதலில் சும்மா கொடுத்து எதிர்க்கடையை மூட வைப்பது, பிறகு விலையை ஏற்றுவது. அவரே செய்திருக்கிறார், கோவில்பட்டி வத்தலில்.

“நான்தானம்மா கேட்டேன்,” என்றார். “நான் கேக்கலேன்னா குடுத்திருக்க மாட்டீகளே.”

மனோன்மணி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“ரெண்டாவது குப்பி போட்டா என்ன ஆகும்னு அவங்களுக்குப் பார்க்கணும். அவங்களாக் குடுத்தா சட்டப்படி தப்பு. ஜனங்களும் சந்தேகப்படுவாங்க. கெஞ்சிக் கேட்டு வாங்கினா யாரும் சந்தேகப்பட மாட்டாங்க. அதுக்குத் தோதா, கொசுறு கேக்காம விடாத ஒரு ஊர் தேடினாங்க சார். அன்னைக்கு நான் வெளிய போய்ப் பேசினேனே, ‘கேட்டுட்டாரா?’ன்னு மட்டும்தான் கேட்டாங்க. ஏன்னு எனக்கு அப்பத் தெரியாது. தெரிஞ்சுக்கணும்னும் தோணல. வேலை புதுசு.”

சாக்குத் தைக்கும் சத்தம் பின்கட்டிலிருந்து வந்துகொண்டிருந்தது. வாழ்நாள் முழுவதும் தான் ஜெயித்ததாக நினைத்த பேரம் ஒவ்வொன்றையும் சங்கரபாண்டி ஒரு தடவை திருப்பிப் பார்த்தார்.

“உங்க வியாபாரிகள் சங்கத்துல நீங்க எழுந்து சொல்லணும். ரெண்டாவது குப்பி கேட்டோம், குடுத்தாங்கன்னு நாலு பேர் ஒத்துக்கிட்டாத்தான் கம்பெனி மேல வழக்கு நிக்கும். கல்யாணமாகாத பிள்ளைங்க இன்னும் நிறைய இருக்காங்க.”

“எம்மகளுக்கு இது தெரிய வேண்டாம்மா,” என்றார் அவசரமாக. “நான் வேற மாதிரி பாத்துக்கிடுறேன். அவ தாங்க மாட்டா.”

மனோன்மணி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு தும்மலுக்கு எடுத்ததுபோல் கைக்குட்டையை வைத்து மூடிக்கொண்டாள்.

*

சங்கத்துக் கூட்டத்தில் அவர் எழுந்து சொன்னார். சுற்றி வளைத்துத்தான் சொன்னார், ஆனால் சொல்லிவிட்டார். உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேருக்கு அவரே கூடப்போய் வாங்கிக் கொடுத்தவர்.

“எனக்குக் கொசுறெல்லாம் கேட்டுப் பழக்கமில்லப்பா,” என்றார் தங்கராசு, உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு.

“ஏலே, நாந்தான கூட வந்தேன்?”

“நீரு எங்கெங்கயோ போவீரு, யாரு கண்டா?”

சிரிப்பு எழுந்தது. அதில் சந்தோஷம் இல்லை. ஓசியில் ஏமாந்தேன் என்று ஒரு வியாபாரி நாலு பேர் முன்னால் சொல்வதற்குப் பதில், கடையைச் சாத்திவிட்டுப் போய்விடுவான். கம்பெனிக்காரனுக்கு அதுவும் தெரிந்திருக்கும் என்று சங்கரபாண்டிக்கு அப்போது உறைத்தது. இவர்கள் வாயைப் பூட்ட அவன் வாங்கி வைத்திருந்த பூட்டு இவர்களுடைய மானம்தான். தலைவர் அடுத்த விஷயமாகப் பங்குனிப் பொங்கல் திருவிழாத் தோரணத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்.

அந்த வாரமே தூத்துக்குடியிலிருந்து வசந்தகுமாரி கூப்பிட்டு அனுப்பினாள். “ஒரு முடிவு பண்ணணும் அண்ணாச்சி. நேர்ல வாங்க.” முடிவு என்றால் என்ன என்று கேட்கத் தேவையில்லை. தமயந்தியின் பெட்டியைக் கட்டுவது.

பஸ்ஸில் போகும்போது எவ்வளவு சொல்வது என்று தீர்மானித்து வைத்தார். முழுவதையும் ஒரேயடியாகக் கொட்டக் கூடாது. கீழே ஆரம்பித்து, தேவைப்பட்டால் ஏறலாம்.

கூடத்தில் வசந்தகுமாரி மட்டும் இருந்தாள். கிருபாகரன் துறைமுகத்துக்குப் போயிருந்தான். தமயந்தி அப்பாவுக்குக் காபி வைத்துவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டாள்.

“புள்ள மேல குத்தமில்ல மைனி,” என்று ஆரம்பித்தார். “சின்னதுல போட்ட ஊசி. மருந்துக் கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான்.” மூன்றாம் நாள் விவகாரத்தைத் தனக்குத் தெரிந்த அளவில் சொன்னார்.

அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். “ஏமாத்தினான்னா எப்படி?”

“அளவுக்கு மேல குடுத்துட்டான்.”

“எல்லாப் பிள்ளையளுக்குமா?”

“கேட்டவுகளுக்கு.”

“கேட்டவியளுக்குன்னா? மருந்தப் போயி யாரு கேப்பா?”

“எங்க பஜார்ல எல்லாரும் கேட்டாக.”

“தமயந்திக்கு யாரு கேட்டது?”

இந்த இடம் சங்கரபாண்டிக்குப் பழக்கமான இடம். எத்தனையோ பேரை இப்படிப் படிப்படியாக மூலைக்குத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறார். தள்ளப்படுகிறவனுக்கு உள்ளங்கை வேர்க்கும் என்பது மட்டும் அவருக்குத் தெரியாமல் இருந்தது.

“நான்தான்.”

“டாக்டரு வேணும்னு சொன்னாவளா?”

“ஒண்ணு போதும்னுதான் சொன்னா.”

“பெறகு எதுக்குக் கேட்டிய?”

 “சும்மா கெடச்சுது,” என்றார்.

“அப்பா, போதும்,” என்றது சமையலறையிலிருந்து தமயந்தியின் குரல்.

வசந்தகுமாரி கத்துவாள் என்று எதிர்பார்த்தார். கத்தினால் எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லலாம், பிறகு இறங்கலாம், எங்கேயாவது படியலாம். அவள் கத்தவில்லை. “காபி ஆறுது, குடிங்க,” என்றாள். 

அவர் டம்ளரை எடுத்ததும் அவளே கேட்டாள். “உங்க ஊர்ல இன்னும் எத்தன வீட்டுப் பிள்ளைய இப்படி மாமியார்ட்ட ஏச்சு வாங்கிக்கிட்டு இருக்கு?”

“சங்கத்துல சொன்னேன் மைனி. யாரும் ஒத்துக்கிட மாட்டேங்காக.”

“அவிய ஒத்துக்கிடாண்டாம். கூடப்போயி வாங்கிக் குடுத்தது நீங்கதான? ஒவ்வொரு வீட்டுக்கும் நீங்களே சொல்லுங்க. இப்பவே. நானும் கேக்கேன்.”

“அத்தை, விடுங்க,” என்று தமயந்தி வாசற்படிவரை வந்தாள். “அப்பாவ விட்டுருங்க.”

“நீ சும்மா இரு.”

சங்கரபாண்டி தங்கராசுவின் மகள் பிரபாவதியின் எண்ணைத் தேடினார். சாத்தூரில் கொடுத்திருந்தார்கள். அந்தக் கல்யாணத்தையும் பேசி முடித்தவர் அவர்தான். வசந்தகுமாரி கேட்க வேண்டும் என்பதற்காகச் சத்தத்தைக் கூட்டி, போனை மேஜைமேல் வைத்தார்.

“சொல்லுங்க பெரியப்பா,” என்றாள் பிரபாவதி.

“உங்க மாமியார்ட்ட குடும்மா. ஒரு விஷயம் சொல்லணும்.”

“என்ன விஷயம்?”

“குத்தம் உன் மேல இல்லம்மா. சின்னதுல உனக்குப் போட்ட ஊசி…”

அந்தப் பக்கம் ஒரு கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது. பிரபாவதி குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“எனக்குத் தெரியும் பெரியப்பா.”

“தெரியுமா?”

“அந்த டாக்டரம்மா போன வருஷமே வந்தாங்கள்ல. எங்ககிட்டதான மொதல்ல வந்தாங்க. நானும் அக்காவும் சேந்துதான் பாத்தோம்.”

“எந்த அக்கா?”

“தமயந்தி அக்காதான், வேற யாரு? நான் எங்கப்பாட்ட சொன்னேன். வெளிய சொன்னா பஜார்ல தல காட்ட முடியாது, வாய மூடிட்டு இருன்னுட்டாரு. அக்கா உங்ககிட்ட சொல்லவே இல்ல. ‘எங்கப்பா நிமிந்து நடந்தே பழகினவரு, அவருக்குத் தெரிய வேண்டாம், மாமியார் பேச்ச நான் வாங்கிக்கிடுறேன்’னு அக்கா சொன்னா.” கொஞ்சம் நிறுத்தினாள். “அவ பக்கத்துல இருக்காளா பெரியப்பா? நான் சொல்லிட்டேன்னு கோவிச்சுக்கப் போறா.”

சங்கரபாண்டி போனை அணைத்தார். அணைத்த பிறகும் விரலை எடுக்கவில்லை.

வாசற்படியில் தமயந்தி இல்லை. சமையலறையில் குழாய் திறந்திருந்தது. எந்தப் பாத்திரமும் உருளாமல் தண்ணீர் மட்டும் விழுந்துகொண்டிருந்தது.

எழுந்து உள்ளே போக வேண்டும் என்று அவருக்குத் தெரிந்தது. வசந்தகுமாரிக்கும் தெரிந்தது, அவள் நாற்காலியின் கையைப் பிடித்துப் பாதி எழுந்து, மறுபடி உட்கார்ந்தாள். தமயந்தி எல்லாம் தெரிந்தே வாங்கிக்கொண்ட ஒரு வருஷத்து வார்த்தைகள் அவளுக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். யார் முதலில் போவது என்பதில் இரண்டு பேருமே அசையவில்லை.

குழாய் நின்றது. தமயந்தி கூடத்துக்கு வரும் சத்தம் கேட்டதும் இரண்டு பேரும் தரையைப் பார்த்தார்கள்.